பி பக்கத்துக்காரர்கள்

மச்சானுக்கு நாணயப் பைத்தியம். எந்த ஊரில் நாணயக் கண்காட்சி என்றாலும் கிளம்பிவிடுவார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. சமீபத்தில் கோவையில், காந்திபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் சோழர் காசு, பந்தி போடும் கூடத்தில் வெளிநாட்டு நோட்டு. மச்சான் ஒரு டேனிஷ் காசுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் பொழுது போகாமல் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டுகளைப் புரட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

பிரேசில் நாட்டு ஆயிரம் குருசெய்ரோ நோட்டு. முன்பக்கம் மார்ஷல் ரொண்டோன். பின்பக்கம் கராஜா பழங்குடியைச் சேர்ந்த இளையவர் இருவர். அந்த முகச் சாயல் எனக்கு நன்றாகத் தெரிந்த சாயல். ஒரு காலத்தில் என் விடுதி அறைச் சுவரில் ஜெராக்ஸ் தாளாகத் தொங்கியது அது. செபுல்டுரா என்ற பிரேசில் ஹெவி மெட்டல் குழு 1996-ல் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ ஆல்பத்தின் அட்டைப்படம், இந்த நோட்டிலிருந்து எடுத்து வரையப்பட்டதுதான்.

“என்ன மாப்ள, பிரேசில்ல நெலம் வாங்கிப் போட்டிருக்கீங்களா? இப்படி மொறச்சுப் பாக்கறீங்க?” என்றார் மச்சான்.

முப்பது ரூபாய் சொன்னார் கடைக்காரர். பேரம் பேசாமல் வாங்கினேன். மச்சானுக்குக் கோபம். “பேரம் பேசாம வாங்கறவன் சேகரிப்பாளனே இல்ல” என்று கார் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். நோட்டு செல்லாக்காசானதன் கதையும் அவர்தான் சொன்னார். அங்கே பணவீக்கம் அப்படித் தலைவிரித்தாடிய காலம். 1993-ல் மூன்று பூஜ்யத்தை வெட்டினார்கள்; இந்த ஆயிரம் ஒரே ராத்திரியில் ஒன்றாகிவிட்டது. மறு வருஷமே அந்தப் புதுப் பணத்துக்கும் மூடுவிழா நடத்திவிட்டு ரியால் வந்தது. அதாவது ஆல்பம் வெளியான சமயத்தில் அந்த முகம் ஏற்கெனவே சந்தையிலிருந்து போய்விட்டிருந்தது.

என் விடுதிக் காலத்துக்கு வருகிறேன். பீளமேட்டில் படித்தேன். அறைத்தோழனின் சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது கோடாலித் தைலம், சாக்லேட் டப்பாவோடு இரண்டு மூன்று சிடி வாங்கி வருவார். அவருக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்காரர் எதைத் தள்ளிவிடுகிறாரோ அது வரும். ஒருமுறை கென்னி ஜி, ஒருமுறை சீனப் பாட்டு, ஒருமுறை ‘ரூட்ஸ்’. எங்களிடம் சிடி போட மெஷின் கிடையாது. விடுதி முழுக்க டேப்ரெக்கார்டர்தான். ஆகவே சிடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிராஸ்கட் ரோடு சந்து ஒன்றில் இருந்த ரெக்கார்டிங் கடைக்குப் போனோம்.

அந்தக் கடைகளை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது கஷ்டம். பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்க அலமாரியில் இசைத்தட்டும் சிடியும். நம்பர் போட்ட நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, நமக்கு வேண்டிய பாட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வரவேண்டும். நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள். கல்யாண சீசன் என்றால் பத்து நாள். அந்தக் கடை அண்ணனுக்கு இளையராஜா என்றால் உயிர். ஆங்கிலப் பாட்டுக்கு ஒரே ஒரு தட்டு. அதில் ‘அபா’ குழுவும் போனி எம்மும் தூசி படிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் சிடியைப் போட்டுப் பார்த்தார். டெக்கில் இருந்த இரண்டு முள்ளும் ஒரேயடியாகச் சிவப்புக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டன. கீழே வரவே இல்லை. அண்ணன் ஒலியைக் குறைத்தார். முள் சிவப்பில். இன்னும் குறைத்தார். மறுபடி சிவப்பில்.

“ஏனுங் தம்பி, இது மிஷின் கோளாறுங்களா, பாட்டே இப்படித்தானுங்களா?”

“பாட்டே அப்படித்தாங்ண்ணா.”

“அப்பச் செரி. ஹெட் போயிருச்சுன்னா நீங்கதான் பாத்துக்கோணும்.”

கேசட் வந்தபோது உறையில் எல்லாப் பாட்டின் பெயரையும் முத்து முத்தான தமிழில் எழுதியிருந்தார். ரத்தமஹத்தா, லுக்அவே, ஜாஸ்கோ, இட்சாரி. ஆல்பம் எழுபத்திரண்டு நிமிஷம். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் முதல் பதினொரு பாட்டும் ஏ பக்கத்தில் அடங்கின. பன்னிரண்டாவது இட்சாரி, அது பி பக்கத்தின் முதல் பாட்டாகிவிட்டது. கடைசியில் கால் மணி நேரம் டேப் மிச்சம். காலியாக விட்டால் அண்ணனுக்கு மனசு கேட்காது. எங்களைக் கேட்காமலே இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்திலிருந்து மூன்றை நிரப்பிவிட்டார். அதனால் இன்றைக்கும் எனக்கு ஆல்பத்தின் கடைசியில் மாலிபு மலைப்பள்ளத்தில் வாசித்த மேளம் ஓய்ந்ததும் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆல்பம் பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கிறது.

சிடியை எடுத்து வைக்கும் முன் அதன் உள்தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டோம். பக்கத்துக்கு ஒரு ரூபாய். படமெல்லாம் மையாய் அப்பிக்கொண்டு கறுத்துப்போனது. எழுத்து மட்டும் தப்பியது. எங்களுக்கு எழுத்துதான் வேண்டும். பொடி எழுத்தில் யார் யார் வந்து வாசித்தார்கள் என்று ஒரு பட்டியல். இணையம் கைக்கு வராத அந்த நாளில் எங்களுக்கு அதுதான் வழிகாட்டிப் பலகை. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பம், அதிலிருந்து இன்னொரு பெயர், இன்னொரு ஆல்பம். ஃபெய்த் நோ மோர் குழுவின் மைக் பேட்டன், கோர்ன் குழுவின் ஜொனதன் டேவிஸ், ஹவுஸ் ஆஃப் பெயினில் தட்டு தேய்த்த டிஜே லீதல் ஆகிய மூவரும் ‘லுக்அவே’ என்ற ஒரே பாட்டில் விருந்தாளிகள். கோர்னின் டிரம்மர் டேவிட் சில்வேரியாவும் ‘ரத்தமஹத்தா’வில் வந்து ஒரு கை போட்டிருந்தார். கோர்னின் முதல் ஆல்பத்தை உருவாக்கிய ராஸ் ராபின்சன்தான் இதற்கும் தயாரிப்பாளர். இடமும் அதே மாலிபு மலையில் இருந்த இண்டிகோ ராஞ்ச் ஸ்டூடியோ. ஆகவே கோர்ன்காரர்கள் எட்டிப்பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

உண்மையைச் சொன்னால் ‘லுக்அவே’ எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மூன்று பெரிய ஆள்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவர் பேச்சை இன்னொருவர் கேட்கமாட்டார். ஆளாளுக்கு முனகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அறைத்தோழன் இதற்காக என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அவனுக்குப் பேட்டன் தெய்வம்.

‘ரத்தமஹத்தா’ வேறு ஜாதி. அதில் விருந்தாளி கார்லினோஸ் பிரவுன். பாயியா மாநிலத்தின் தலைநகர் சல்வடோரில், கந்தியால் என்ற எளிய குடியிருப்பில் பிறந்தவர். அங்கத்துப் பையன்களைத் திரட்டி ‘திம்பலாதா’ என்ற மேளக் குழுவை உண்டாக்கியவர். மெட்டல் இசைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் வந்தார், சுர்தோ என்ற பெரிய மேளம், திம்பாவ், பெரிம்பாவ், தகர டப்பா என்று ஸ்டூடியோவையே திருவிழாக் கடைவீதி ஆக்கினார். செபுல்டுராவின் பாடகர் மாக்ஸ் கவலேராவின் கர்ஜனைக்கு எதிர்ப்பாட்டாகப் போர்ச்சுகீசிய மொழியில் எகத்தாளமும் குழறலுமாக அவர் கொடுக்கிற குரல் இருக்கிறதே, அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வெறும் இரைச்சல். மாக்ஸ் ஆறு தந்தி கிட்டாரில் நாலு தந்தி மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்பவர். மெல்லிய தந்தி இரண்டும் தனக்கு வேண்டாம் என்று கழற்றிவிட்டவர். அப்படிப்பட்டவரின் முரட்டு வாசிப்புக்கு இடுக்கிலெல்லாம் பிரவுன் புகுந்து புறப்பட்டார். பல வருஷம் கழித்து என் மகளோடு ‘ரியோ’ என்ற கிளிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஓடிய பெயர்களில் கார்லினோஸ் பிரவுன். அந்தப் படத்தின் பாட்டுக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். “இவரு எங்க ஆளும்மா” என்று நான் துள்ள, மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வெளியாளைக் கூப்பிட்டு வாசிக்கவைக்கிற வழக்கம் மெட்டலில் புதிதும் அல்ல. பிளாக் சப்பாத் 1973-ல் ‘சப்பாத் பிளடி சப்பாத்’ செய்தபோது, பக்கத்து அறையில் யெஸ் குழு தன் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அதன் கீபோர்டுக்காரர் ரிக் வேக்மன் எட்டிப்பார்த்து ஒரு பாட்டுக்கு வாசித்துக் கொடுத்துவிட்டு, கூலியாகப் பணம் வேண்டாம், பீர் போதும் என்றாராம். அந்தக் காலத்துக் கணக்கு அப்படி. இன்று பாட்டின் பெயரிலேயே, ‘இவர் பங்கேற்பில்’ என்று விருந்தாளி பெயர் தொங்குகிறது. யார் ரசிகர் யாரை இழுத்து வருவார் என்று கணக்குப் போட்டுக் கூப்பிடுகிறார்கள். பொடி எழுத்துக்கு வேலையே இல்லை.

பி பக்கத்துக்கு வருகிறேன். செமஸ்டர் விடுமுறையில் கேசட்டை ஊருக்கு எடுத்துப்போனேன். பொள்ளாச்சிக்கு மேற்கே அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வீடு. திண்ணையில் பிலிப்ஸ் டூ இன் ஒன். ஏ பக்கத்தைப் போட்டால் வீட்டை விட்டே துரத்திவிடுவார்கள் என்று பி பக்கத்தைப் போட்டேன். இட்சாரி. முதலில் கிட்டார் கிடையாது, கர்ஜனை கிடையாது. கூட்டமாக ஆண் குரல்கள். தாழ்ந்த சுருதியில் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப. பிறகு மெதுவாகக் கிட்டார் வந்து ஓரமாக உட்காரும். குழுவின் டிரம்மர் இகோரின் மேளமும் சேரும். அமுச்சி கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

“இது ஒக்காந்து பாடற பாட்டு இல்லடா. ஆட்டத்துக்கு நடுவுல பாடறாங்கொ. மூச்சு எறைக்குது பாரு. காலு கேக்குதா?”

நான் அத்தனை நாள் கேட்டும் காதில் விழாதது. கும்மி கட்டியே வளர்ந்தவர் அமுச்சி. மண் தரையில் பல கால்கள் ஒன்றாக விழுகிற சத்தம் குரலுக்கு அடியில் இருந்தது. மறுபடி போடச் சொன்னார். போட்டேன். “எந்த ஊருக்காரங்கொ?” பிரேசில் என்றேன். “அது மேக்காலயா கெழக்காலயா?” அதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை, மேற்கே என்று சொல்லிவைத்தேன். அடுத்த பாட்டு ‘ஆம்புஷ்’ தொடங்கியதும் “ஐயோ, அமத்துடா” என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளிகளுக்காகவும் அமேசான் காட்டுக்காகவும் போராடி, 1988 டிசம்பரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட சிக்கோ மென்டெஸைப் பற்றிய பாட்டு அது. அமுச்சிக்கு அதைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷமாவது பொறுத்திருப்பார்.

இட்சாரியில் பாடுகிறவர்கள் ஷவான்தே மக்கள். மாத்து குரோசு மாநிலத்தில் ரியோ தாஸ் மோர்டெஸ் ஆற்றுப் பக்கம் பிமென்டெல் பார்போசா என்ற அவர்கள் கிராமத்துக்கு 1995-ல் செபுல்டுரா குழுவினர் போய்த் தங்கினார்கள். போன இடத்தில் இவர்கள் உடம்பில் அவர்களுடைய சிவப்பும் கறுப்பும் பூசப்பட்டன. சிவப்பு, உருகும் என்ற விதையை அரைத்தது. உள்தாளில் அந்தப் படங்கள் உண்டு. எங்கள் ஜெராக்ஸில் எல்லாருமே கறுப்புதான். பாடியது நோயாளிக்காகப் பாடுகிற பாட்டு. அதை அங்கேயே பதிவு செய்து கொண்டுவந்தார்கள்.

அந்த ஊரைப் பற்றி லாரா கிரஹாம் என்ற மானுடவியலாளர் எழுதிய புத்தகம் ஒன்று பின்னாளில் கைக்கு வந்தது. 1995-ல் வெளியானது, அதாவது மெட்டல்காரர்கள் அந்த ஊருக்குப் போன அதே வருஷம். ஷவான்தே கிராமம் குதிரை லாட வடிவத்தில் ஆற்றைப் பார்த்துத் திறந்திருக்கும். காது குத்திப் பெரியவனாகிற பையன்களுக்குக் கனவில் பாட்டு வரும். முன்னோர் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். பையன் எழுந்து அதை மறக்காமல் வாய்க்குள் முனகிப் பார்த்து, தன் வயதுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுப்பான். பிறகு எல்லாரும் கை கோத்து வட்டமாக நின்று, காலைத் தட்டித் தட்டி, வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். ஒருவன் கனவில் வந்தது ஊர்ப் பாட்டாகிவிடும். படித்ததும் எனக்கு அமுச்சி ஞாபகம்தான். காலு கேக்குதா என்றாரே.

ஆல்பத்தில் எல்லாரையும் ஒரே பட்டியலில் விருந்தாளி என்று போட்டாலும், எனக்கு அதில் ஒரு உறுத்தல். பேட்டனும் டேவிஸும் பிரவுனும் செபுல்டுராவின் வீட்டுக்கு வந்தவர்கள். ஷவான்தே ஊரிலோ செபுல்டுராதான் விருந்தாளி. சாயம் பூசி, சோறு போட்டு, பாடவும் பாடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மாக்ஸ் இந்த வித்தியாசத்தை உணர்ந்திருந்தார் என்றுதான் பாட்டைக் கேட்டால் தோன்றுகிறது. அந்த ஐந்து நிமிஷமும் குழு அடக்கி வாசிக்கிறது. மாக்ஸ் ஒரு சொல் கத்துவதில்லை. அட்டையில் மட்டும் கோட்டைவிட்டுவிட்டார்கள். முகம் கராஜாவினுடையது, குரல் ஷவான்தேயினுடையது. ரியோ தாஸ் மோர்டெஸ் போய்ச் சேர்கிற அராகுவாயா ஆற்றங்கரைக்காரர்கள் கராஜாக்கள். பக்கத்து மக்கள்தான், ஆனால் வேறு மக்கள், வேறு மொழி. குருசெய்ரோ நோட்டில் இருந்த முகம் கைக்கு வாகாகக் கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள். நோட்டின் முன்பக்கம் இருந்த ரொண்டோன் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. காட்டுக்குள் தந்திக் கம்பி இழுத்துக்கொண்டு போனவர். பழங்குடியினரைக் காக்க 1910-ல் தொடங்கிய அரசுத் துறைக்கு முதல் தலைவர். நாம் செத்தாலும் சரி, அவர்களைக் கொல்லக் கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டவர்.

விடுதி தினம் வந்தது. எங்கள் மாடியில் நாலு பேர் ராக் குழு வைத்திருந்தார்கள். என் வேலை ஒயரைப் பார்த்துக்கொள்வது; ஸ்பீக்கர் கரகரத்தால் என்னைத்தான் திட்டுவார்கள். என்ன பாட்டு என்று ஒரு வாரம் சண்டை நடந்து கடைசியில் ‘ரத்தமஹத்தா’ என்று முடிவானது. காரணம் எளிமையானது. போர்ச்சுகீசியம் யாருக்கும் தெரியாது. தப்பாகப் பாடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கார்லினோஸ் பிரவுனுக்கு எங்கே போவது? வாடகை டிரம் செட் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன தட்டினாலும் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரிதான் இருந்தது.

மெஸ்ஸில் ஒரு பரோட்டா மாஸ்டர் இருந்தார். மாரியம்மன் நோம்பி வந்துவிட்டால் ஒரு வாரம் காணாமல் போய்விடுவார். ஜமாப் மேளம் அடிக்கப் போயிருக்கிறார் என்பார்கள். அவரிடம் போய்க் கேட்டோம். மாவு பிசைந்துகொண்டே கேசட்டைக் கேட்டார். கருத்து எதுவும் சொல்லவில்லை. “எப்ப ஆரம்பிக்கோணும், எப்ப நிறுத்தோணும், அதை மட்டும் சொல்லுங் தம்பி. நடுவுல இருக்கறத நான் பாத்துக்கறேன்.”

ஆரம்பம் சொன்னபடியே நடந்தது. மாஸ்டர் அண்ணன் ஜமாப் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளை பனியனோடு, மேடையின் பின்வரிசையில் இருட்டில் நின்றார். பாடகன் கத்தினான். முதல் அடி விழுந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வார்டன் திடுக்கிட்டு எழுந்தார். டிரம் செட்டில் இருந்தவன் இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தான். பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். கிட்டார் நின்றது. பாடகன் நின்றான். அண்ணன் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்ட வேண்டியவன் கூட்டத்தில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தான். மெஸ் ஆட்கள், வாட்ச்மேன், பட்டம் வாங்க வந்த பழைய மாணவர்கள் எல்லாரும் ஆடினார்கள். ஆங்கிலப் பாட்டு என்றாலே முகம் சுளிக்கிற தமிழ் மன்றச் செயலாளரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். பாடகன் பெயர், கிட்டார் இரண்டு பேர் பெயர், பாதியில் குச்சியை வைத்துவிட்ட டிரம்மர் பெயர், எல்லாவற்றையும் ஊர் பெயரோடு வாசித்தார். மாஸ்டர் பெயர் அவர் கையிலிருந்த தாளில் இல்லை. யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அறைத்தோழனுக்கு ஆத்திரம். மெஸ்ஸுக்குப் போய், “அண்ணா, உங்க பேர விட்டுட்டாங்க, கேட்டு வரட்டுமா?” என்றான்.

“பேரு எதுக்குங்க தம்பி? ஐநூறு ரூவா பேசுனீங்கல்லோ, அத மொதல்ல குடுங்க. மேளத்துக்கு வார் மாத்தோணும்.”

ரிக் வேக்மன் பீர் வாங்கிய கதையை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு மாஸ்டர்தான் நினைவுக்கு வந்தார். ஆனால் வேக்மன் பெயர் ஆல்பத்தில் இருக்கிறது.

‘ரூட்ஸ்’ வெளியான வருஷமே செபுல்டுரா உடைந்துவிட்டது என்கிற செய்தி எங்களுக்கு வெகு தாமதமாக, பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு பத்திரிகை வழியாக வந்து சேர்ந்தது. 1996 ஆகஸ்டில் மாக்ஸின் மனைவி குளோரியாவுடைய மகன் டேனா, கார் விபத்தில் இறந்துபோனான். இங்கிலாந்தில் டொனிங்டன் விழாவுக்குப் போயிருந்த மாக்ஸும் குளோரியாவும் உடனே வீடு திரும்பினார்கள். மீதி மூவர் மேடையேறினார்கள். கிட்டார்க்காரர் ஆந்த்ரேயாஸ் கிஸ்ஸர் பாடினார். குளோரியாதான் குழுவின் மேலாளர். அவரை மாற்றுவது பற்றிய பேச்சில் மனஸ்தாபம் முற்றி, டிசம்பரில் லண்டன் கச்சேரியோடு மாக்ஸ் வெளியேறினார். தம்பி இகோர் குழுவிலேயே நின்றுவிட்டார். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று.

மாக்ஸ் பிறகு சோல்ஃப்ளை என்ற குழுவைத் தொடங்கி 1998-ல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில் எத்தனை விருந்தாளிகள்! டெஃப்டோன்ஸ் குழுவின் சீனோ மொரேனோ, லிம்ப் பிஸ்கிட்டின் ஃபிரெட் டர்ஸ்ட், ஃபியர் ஃபேக்டரிக்காரர்கள், மறுபடியும் டிஜே லீதல். ‘ரூட்ஸ்’ பட்டியலை ஆசையாகப் படித்த மாதிரி இதைப் படிக்க முடியவில்லை. ஆல்பமே டேனாவுக்குச் சமர்ப்பணம். மொரேனோ டேனாவின் நண்பர். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு மாலை போடுகிற மாதிரி ஆளுக்கொரு பாட்டு. மிச்சமிருந்த செபுல்டுராவும் அதே வருஷம் ‘அகெய்ன்ஸ்ட்’ ஆல்பத்துக்கு ஜப்பானின் சாதோ தீவைச் சேர்ந்த கோதோ மேளக் குழுவைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வீட்டில் ஆள் குறைந்த வெறுமையை வெளியாளைக் கூப்பிட்டு நிரப்பப் பார்த்தார்கள் என்று எனக்குப் படும். இரண்டு ஆல்பத்திலும் நல்ல பாட்டு உண்டு. இரண்டிலும் இட்சாரி கிடையாது.

பரோட்டா மாஸ்டர் இப்போது மாஸ்டர் இல்லை. அன்னூர் ரோட்டில் அவருடைய ஜமாப் குழுவுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்குகிறது. பேனரில் பாதியை அவர் பெயரே அடைத்திருக்கிறது. கீழே போன் நம்பர் இரண்டு. அக்கா பெண் கல்யாணத்துக்கு மேளம் பேச மச்சானோடு போனபோதுதான் தெரிந்தது, அது அவர்தான் என்று. தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, விடுதி தினத்தைச் சொன்னதும், “ஆமாங், வார்டன் பயந்துட்டாருங்கல்ல!” என்று சிரித்தார். போனில் ‘ரத்தமஹத்தா’வைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“இவங்கல்லாம் இப்ப என்னுங் பண்றாங்க?”

அண்ணன் தம்பி பத்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, 2006-ல் ராசியாகி, இருவருமாக வேறு குழு தொடங்கினார்கள் என்றேன். இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் இந்த ஆல்பத்தை முழுசாக வாசித்ததையும் சொன்னேன்.

“பரவால்லீங்களே. எங்குளுது ரெண்டாப் போயி எட்டு வருசமாச்சுங்க. எந்தம்பி சரவணம்பட்டில தனியா வெச்சுருக்கான். நம்ம ரேட்டுக்கு ரெண்டாயிரம் கம்மியா அடிக்கறானுங்க.”

மச்சானின் காது உடனே நிமிர்ந்தது. “அவரு நம்பர் இருக்குதுங்களா?” என்று கேட்டே விட்டார். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

“அட்வான்ஸ் எவ்வளவுன்னு எழுதட்டுங்க?”